மேடையில் நிற்கும் ஒய்.ஜி. எஞ்சின்: ஓட்டத்துக்கா, காட்சிக்கா? முதலில் எதைத் தொடுவது?

சூரமங்கலம்_மீட்டர்கேஜ் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். சேலத்துக்கு அருகே ஒரு கல்வி வளாகத்தில் மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலப் பாதை) ஒய்.ஜி. வகைச் சரக்கு நீராவி எஞ்சின் ஒன்று டெண்டரோடு (நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் பின்வண்டி) மேடையில் நிற்கிறது. மேலே கூரை இல்லை. ஆண்டு விழாவுக்கு ஆண்டு விழா பழைய பெயிண்டின் மேலேயே கறுப்பு எனாமல் அடித்து வந்திருக்கிறார்கள். இப்போது சனி, ஞாயிறுகளில் தன்னார்வலர்கள் வேலை செய்யலாம் என்று நிர்வாகம் எழுத்தில் அனுமதி தந்திருக்கிறது. குழுவில் இரண்டு வெல்டர்கள், ஒரு லேத் ஆள், சாயப்பட்டறை பாய்லரைப் பார்ப்பவர் ஒருவர், மீதி பாலிடெக்னிக் மாணவர்கள்.

இன்றைய நிலை இது. புகைபோக்கி திறந்தே கிடக்கிறது. ஸ்மோக்பாக்ஸின் (புகைபோக்கிக்குக் கீழே உள்ள முன் அறை) அடியில் பழைய சாம்பல் ஈரக் களியாக இருக்கிறது. கேபில் (டிரைவர் நிற்கும் அறை) பித்தளைச் சாமான் ஒன்றுகூட இல்லை: தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸ், பிரஷர் கேஜ், பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் இன்ஜெக்டர் எல்லாம் போய்விட்டன. பாய்லர் மேல்தகடு ஒரு இடத்தில் பிரிந்து, உள்ளே வெள்ளையாகப் பஞ்சு போல ஏதோ தெரிகிறது. டெண்டரின் அடித்தகட்டில் விரல் நுழையும் ஓட்டைகள். கனெக்டிங் ராடு, பிஸ்டன் ராடு எல்லாவற்றின் மேலும் பெயிண்ட்.

மறுபடி நீராவியில் ஓட்ட முடியுமா, காட்சிக்கு மட்டும் சீரமைப்பதா என்பதை எதை வைத்து முடிவு செய்வது? சக்கரங்களை அசைத்துப் பார்க்கலாமா? பெயிண்டுக்கு என்ன முறை? மழைக்கு முன் எதை முடித்தே ஆகவேண்டும்?

கொதிகலன்_ஈரோடு பதில்:

தம்பி, இதை முடிவு செய்ய வேண்டியது பாய்லர். சக்கரம், ராடு, சிலிண்டர், டெண்டர் எல்லாம் பணமும் பொறுமையும் இருந்தால் சரியாகிவிடும். பாய்லர் தகடு தேய்ந்திருந்தால் ஓட்டும் பேச்சை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஒய்.ஜி.யின் வேலை அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு, அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 14.8 கிலோ. அந்த அழுத்தத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் 200 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும். தகடு கிழிந்தால் அது ஒரு நொடியில் ஆவியாக விரியும். "கொஞ்சமா நெருப்பு போட்டுப் பார்க்கலாம்" என்று குழுவில் யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஸ்பேனரை எடுக்கும் முன் காகிதத்தை எடுங்கள். மேடையில் நிறுத்தக் கொடுத்த எஞ்சின் பல இடங்களில் இன்னும் ரயில்வேயின் சொத்தாகவே இருக்கும். வளாகத்துக்கு ஒப்படைத்தபோது கொடுத்த கடிதத்தைத் தேடி, யாருக்குச் சொந்தம், என்ன நிபந்தனை என்று படியுங்கள். ரயில்வேயின் சொத்து என்றால் வளாகத்தின் அனுமதி மட்டும் போதாது. சேலம் கோட்ட அலுவலகத்துக்கும் எழுதவேண்டும். 2007-ல் உருவான இந்தக் கோட்டத்தின் கீழ்தான் நீலகிரி மலை ரயிலும் வருகிறது. அங்கே எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் இன்றும் வேலை செய்கின்றன, பொன்மலைப் பணிமனை அவற்றைப் புதிதாகவே கட்டியும் கொடுத்திருக்கிறது. நீராவி தெரிந்த ஆட்கள் இருக்கும் நிர்வாகத்திடம் கேட்கிறோம் என்ற தைரியத்தோடு, வரைபடங்களுக்கும் சேர்த்தே எழுதுங்கள். ஒய்.ஜி. ஆயிரத்துக்கும் மேல் கட்டப்பட்ட பொது வடிவம். வரைபடம் கிடைத்துவிட்டால் பாதி சிக்கல் தீரும்.

சட்டம்: ரயில்வேயின் கட்டுப்பாட்டில் உள்ள எஞ்சின் பாய்லருக்குக் கொதிகலன் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. உங்கள் வளாகம் அந்த விலக்கில் வராது. அங்கே நீராவி எழுப்பினால் மாநிலக் கொதிகலன் துறையில் பதிவு, ஆய்வு, சான்றிதழ், சான்று பெற்ற அட்டென்டன்ட் எல்லாம் வேண்டும். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதில் 2025-ல் புதுச் சட்டம் வந்திருக்கிறது. பழைய படிவங்களை நிரப்பிக்கொண்டு போகாதீர்கள்.

இனி பாய்லரைப் பார்க்கும் முறை.

முதலில் ஸ்மோக்பாக்ஸ். சாம்பலில் கந்தகம் இருக்கும். மழைத்தண்ணீர் சேர்ந்தால் அது அமிலம். அதனால் ஸ்மோக்பாக்ஸின் கீழ்ப் பகுதியும் முன் ட்யூப் பிளேட்டின் (புகை ஓடும் ட்யூப்களின் முனையைத் தாங்கும் தகடு) கீழ்ப் பாதியும்தான் எப்போதும் முதலில் போகும். களியை மண்வெட்டியால் அள்ளிவிட்டு, தகடு வெளியே தெரியும்வரை சுரண்டுங்கள். சுத்தியால் தட்டும்போது கணீரென்று கேட்டால் தகடு இருக்கிறது. மொத்தென்று கேட்டால் துருதான் தகடு மாதிரி நிற்கிறது.

அடுத்து வாஷ்அவுட் பிளக்குகளையும் மட்ஹோல் கதவுகளையும் (பாய்லரின் உள்ளே கழுவத் திறக்கும் வழிகள்) திறக்க வேண்டும். பிளக்கின் மரை டேப்பர் (நுனி குறுகியது). உளி வைத்து அடித்தால் பாய்லர் பக்கத்து மரை போய்விடும். அசிட்டோனும் ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) எண்ணெயும் சமபங்கு கலந்து சில வாரங்கள் தொடர்ந்து ஊற்றுங்கள். அசிட்டோன் எளிதில் பற்றும் என்பதால் அன்று பக்கத்தில் வெல்டிங், கட்டிங் கிடையாது. திறந்ததும் என்டோஸ்கோப் கேமராவை விட்டு ஃபயர்பாக்ஸின் (நெருப்பு எரியும் பெட்டி) நான்கு பக்கத் தண்ணீர்ச் சுவர்களையும், குறிப்பாக ஃபவுண்டேஷன் ரிங்குக்கு (அந்தச் சுவர்களை அடியில் மூடும் சட்டம்) மேலே ஒரு சாண் உயரத்தையும் பாருங்கள். சுண்ணாம்புப் படிவு அங்கேதான் இறுகும், தகடும் அங்கேதான் அரிக்கும்.

மூன்றாவது ஸ்டேக்கள். உள் ஃபயர்பாக்ஸையும் வெளித் தகட்டையும் பிடித்து வைத்திருப்பவை இந்தக் கம்பிகள்தான். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்ட, இன்னொருவர் வெளியே அதே ஸ்டேயில் கை வைத்திருக்க வேண்டும். அதிர்வு வராவிட்டால் அது உடைந்தது. ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டுக் குறியுங்கள். அங்கங்கே ஒன்று உடைந்திருந்தால் மாற்றலாம். அடுத்தடுத்து இருப்பவை கூட்டமாக உடைந்திருந்தால் அந்த இடத்தில் ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்துத் தகடு உப்பியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

நான்காவது, அல்ட்ராசோனிக் கனம் அளப்பது. 150 மி.மீ. கட்டமாகக் குறித்து, ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு ரூபாய் அளவுக்குப் பெயிண்டைத் தேய்த்து எடுத்து, ஜெல் வைத்து அளக்கலாம். தண்ணீர் மட்டம் நின்ற கோட்டிலும் ஃபவுண்டேஷன் ரிங்குக்கு மேலேயும் 50 மி.மீ.க்கு ஒன்று. ஆனால் சின்னக் குழி அரிப்பை இந்தக் கருவி தவறவிடும். அதற்குப் பிட் கேஜ் வேண்டும். ரிவெட் வரிசை ஓரத்திலும் தகடு வளையும் இடத்திலும் நீளமாக ஓடும் பள்ளம், வெடிப்பு இவற்றுக்கு டை பெனட்ரண்ட் (வெடிப்பில் ஊறிக் காட்டும் சாயம்).

ட்யூப்களைப் பார்த்து மனம் உடைய வேண்டாம், சந்தோஷப்படவும் வேண்டாம். எந்த நிலையில் இருந்தாலும் எல்லாம் வெட்டி எடுத்து மாற்றவேண்டியவை. ட்யூப் பிளேட்டில் துளைக்கும் துளைக்கும் நடுவே இருக்கும் பாலம் வெடித்திருக்கிறதா என்பதே கேள்வி.

இத்தனையும் முடிந்து ஆய்வாளர் சம்மதித்த பிறகுதான் ஹைட்ராலிக் டெஸ்ட். தண்ணீரை நிரப்பி, உச்சியில் காற்று முழுதும் வெளியேறியதை உறுதி செய்து, கைப்பம்பால் மெல்ல ஏற்றி, அவர் எழுதித் தரும் அழுத்தத்தில் நிறுத்திச் சுற்றிப் பார்ப்பது. தண்ணீர் அமுங்காது, தகடு விட்டுக்கொடுத்தால் கசிவோடு முடியும். காற்றை வைத்து இந்தச் சோதனையைச் செய்தால் அதே கசிவு வெடிப்பாக மாறும்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் ஸ்மோக்பாக்ஸும் முன் ட்யூப் பிளேட்டும் பெரிய வேலை கேட்கும். என் கருத்து: முதல் கட்டமாகக் காட்சிக்குச் சீரமையுங்கள். ஆனால் பின்னால் யாராவது நீராவிக்குக் கொண்டுபோக நினைத்தால் தடையாக எதுவும் செய்துவிடாதீர்கள். பாய்லரில் வெல்டிங் இல்லை, ஓட்டை அடைக்க புட்டி இல்லை, ஸ்டே தலையைக் கிரைண்டரால் சமன் செய்வது இல்லை.

கருப்பூர்_கோட்டிங் பதில்:

பாய்லர் பற்றி அண்ணன் சொல்லிவிட்டார். அவர் தொடாத ஒன்று முதலில்: அந்த வெள்ளைப் பஞ்சு.

அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பாய்லர் வெப்பம் வெளியேறாமல் இருக்க மேல்தகட்டுக்கு அடியில் அதைத்தான் மெத்தையாகச் சுற்றுவார்கள். அதைப் பிய்த்துப் பார்க்காதீர்கள், ஏர் கன்னால் ஊதாதீர்கள், மாணவர்களை அந்தப் பக்கம் விடாதீர்கள். பிரிந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, தடித்த பாலிதீன் தாளால் மூடி டேப் ஒட்டிவிட்டு, சின்ன மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஆஸ்பெஸ்டாஸ்தான் என்று வந்தால் எடுப்பதற்குப் பயிற்சி பெற்ற ஆட்கள், பி3 தர முகமூடி, ஒருமுறை அணியும் உடை, இரட்டைப் பை எல்லாம் வேண்டும். கழிவை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழியாக அபாயகரக் கழிவு நிலையத்துக்குத்தான் அனுப்பவேண்டும். நம் ஊர்க் குப்பைக் கிடங்குக்கு ஒரு பிடிகூடப் போகக்கூடாது. அந்த வேலை முடியும்வரை பாய்லர் மேல்தகட்டைக் கழற்றாதீர்கள், அதன் மேல் வயர் பிரஷும் வேண்டாம்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும், முக்கியமாக அடியில் உள்ள செந்நிறப் பூச்சில். உலர் சாண்டிங் செய்தால் அந்தத் தூள் மூச்சில் போகும். பெயிண்ட் ரிமூவரோ, ஈரம் வைத்துச் சுரண்டுவதோ நல்லது. கீழே தார்ப்பாய் விரித்து, சுரண்டியதைக் கூட்டி எடுத்துத் தனியாக வையுங்கள்.

மழைக்கு முன் முடிக்கவேண்டியதில் பெயிண்ட் இல்லை. தண்ணீர் உள்ளே போவதை நிறுத்துவதும், போனது வெளியேற வழி வைப்பதும்தான் வேலை. புகைபோக்கிக்கு மேல் தகட்டு மூடி, சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி விட்டு வலை. இறுக்கி அடைத்தால் பகல் சூட்டுக்கும் இரவுக் குளிருக்கும் நடுவே உள்ளேயே வியர்த்துத் துருப்பிடிக்கும். ஸ்மோக்பாக்ஸ் அடியில் சாம்பல் இறக்கும் வழி, ஆஷ்பான் (நெருப்புக்கு அடியில் உள்ள சாம்பல் தட்டு), டெண்டர் நிலக்கரித் தொட்டியின் மூலைகள், கேபின் தரை என்று எங்கெல்லாம் தண்ணீர் தேங்குகிறதோ அங்கெல்லாம் வடிகால். ஏற்கெனவே ஓட்டை இருந்து சாம்பலால் அடைபட்டிருந்தால் குத்தி விடுங்கள், புதிதாகத் துளை போடும் முன் பாருங்கள். அக்டோபர் வரை நேரம் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். சேலத்தில் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே மாலை இடிமழை வெளுத்து வாங்கும்.

கூரை போடும் வாய்ப்பு ஏதாவது இருந்தால் அதற்குத்தான் முதல் பணம். எந்தப் பெயிண்டும் கூரைக்கு ஈடில்லை.

டெண்டர் அடித்தகடு: ஓட்டைமேல் துண்டு வைத்து வெல்ட் செய்தால் சுற்றியுள்ள மெல்லிய தகடு எரிந்து ஓட்டை பெரிதாகும், இரண்டு தகட்டுக்கும் நடுவே தண்ணீர் நிற்கும். நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, அதே கனத் தகட்டைப் பக்கத்துக்குப் பக்கம் பொருத்தி வெல்ட் செய்யுங்கள். வெட்டிய துண்டில் எந்த இடம் என்று எழுதி, படம் எடுத்து, ஒரு துண்டாவது வைத்திருங்கள். அசல் கனம் என்ன என்று பின்னால் கேள்வி வரும்.

பெயிண்டிங் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை, காலை எட்டிலிருந்து பதினொன்றுக்குள். மதிய வெயிலில் கறுப்புத் தகடு கையே வைக்க முடியாத சூட்டுக்குப் போய்விடும். அதன் மேல் அடித்தால் கரைப்பான் கொதித்து ஊசித்துளை விழும். விடியலில் பனி ஈரம். தகட்டின் சூடு பனிநிலையைவிட 3 டிகிரியாவது மேலே இருக்கவேண்டும்.

பிளாஸ்டிங் (காற்றோடு தூளை அடித்துத் துருவை எடுப்பது) செய்ய முடிந்தால் எஸ்.ஏ. இரண்டரைத் தரம் (கிட்டத்தட்ட வெறும் இரும்பு தெரியும் சுத்தம்). ஆற்று மணல் வேண்டவே வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். காப்பர் ஸ்லாக் எடுங்கள். ராடு, ஸ்லைடு பார், ஆக்ஸில் பாக்ஸ், சிலிண்டர் கிளாண்டு எல்லாவற்றையும் பிளாஸ்டிங்குக்கு முன் மூடிக் கட்டவேண்டும். ஒரு பிடி ஸ்லாக் பேரிங்குக்குள் போனால் எடுக்க முடியாது. பிளாஸ்டிங் முடிந்த நான்கு மணி நேரத்துக்குள் பிரைமர் ஏறணும். அன்றைக்கு அடிக்க முடிகிற பரப்பை மட்டும் பிளாஸ்ட் செய்யுங்கள்.

பூச்சு வரிசை: ஜிங்க் பாஸ்பேட் எபாக்சி பிரைமர் இரண்டு கோட், ஒவ்வொன்றும் 50 மைக்ரான். அதன் மேல் எம்.ஐ.ஓ. (மைக்கா போன்ற இரும்பு ஆக்சைடு கலந்த) எபாக்சி 80 முதல் 100. கடைசியாகப் பாலியூரிதேன் கறுப்பு 40 முதல் 50. எபாக்சியை மேல் கோட்டாக விட்டால் வெயிலில் சுண்ணாம்பு பூத்துவிடும், அதனால்தான் பாலியூரிதேன். எவ்வளவு வாங்குவது என்று கடைக்காரரிடம் கேட்காதீர்கள். டின்னில் போட்டிருக்கும் கன அளவுத் திடப்பொருள் சதவீதத்தைப் பத்தால் பெருக்கி மைக்ரானால் வகுத்தால் ஒரு லிட்டருக்கு எத்தனை சதுர மீட்டர் என்று வரும். 50 சதவீதம், 50 மைக்ரான் என்றால் 10. அதில் மூன்றில் ஒரு பங்கு வீணாகும் என்று கழித்துக்கொள்ளுங்கள்.

ராடு, பிஸ்டன் ராடு போன்ற மெருகு இரும்பில் பெயிண்டே கூடாது. ரிமூவரால் எடுத்துவிட்டுக் கிரீஸ் பூசுங்கள்.

சூரமங்கலம்_மீட்டர்கேஜ்:

ரெண்டு அண்ணன்களுக்கும் நன்றி. ஆஸ்பெஸ்டாஸ் இடத்தை மூடிக் கயிறு கட்டிவிடுகிறோம். கோட்ட அலுவலகத்துக்கும் கடிதம் போகும்.

இன்னும் மூன்று சந்தேகம். ஒன்று, நீராவி இல்லாமல் கம்ப்ரசர் காற்றில் சக்கரம் சுற்றிக் காட்டலாம் என்கிறார்கள். திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி வைத்திருப்பவர் கம்ப்ரசர் தருவதாகச் சொல்கிறார். இரண்டு, ஃபயர்பாக்ஸ் செங்கல் வளைவு இடிந்து கிடக்கிறது. நம்ம ஊர் மேக்னசைட் செங்கலையே வைத்துவிடலாமா? மூன்று, கழற்றும் பாகங்களை வைக்க ஏற்காட்டில் ஒரு காப்பிக் குடோன் இலவசமாகக் கிடைக்கிறது. வைக்கலாமா?

விருத்தாசலம்_லைன் பதில்:

காற்றில் சுற்றலாம். காட்சிக்கு அது நல்ல வழி, பிள்ளைகளுக்கு வால்வு கியர் (சிலிண்டர் வால்வை இயக்கும் அமைப்பு) எப்படி நடக்கிறது என்று கண்ணால் காட்டலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள்.

ஒய்.ஜி. சிலிண்டர் 16 அங்குல விட்டம், 24 அங்குல ஸ்ட்ரோக். ஒரு பக்கம் ஒரு முறை நிரம்ப 79 லிட்டர். இரண்டு சிலிண்டர், முன்னும் பின்னும் சேர்த்து ஒரு சுற்றுக்கு நான்கு முறை, கிட்டத்தட்ட 316 லிட்டர். 2 கிலோ அழுத்தத்தில் என்றால் வெளிக்காற்றாக 950 லிட்டர். கட்ஆஃபைக் (ஸ்ட்ரோக்கில் எவ்வளவு தூரம்வரை காற்று விடுவது என்பது) குறைத்து வைத்தால் இது குறையும், ஆனாலும் சின்ன அளவு இல்லை. பஞ்சர் கடைக் கம்ப்ரசர் இதற்கு ஒன்றுமே இல்லை. நிமிடத்துக்கு 8,500 லிட்டர் தரும் குவாரி கம்ப்ரசர் வைத்தால் நிமிடத்துக்கு எட்டு, ஒன்பது சுற்று கிடைக்கும். காட்ட அதுவே போதும்.

போர்வெல் வண்டிக் கம்ப்ரசர் வேண்டாம். அது 20 கிலோவுக்கும் மேல் தள்ளும் இயந்திரம். ரெகுலேட்டர் ஒருமுறை சிக்கினால் சிலிண்டர் கவர் பறக்கும். குவாரிகளில் ஜாக்ஹேமருக்கு வைத்திருக்கும் 7 கிலோ வகையை வாடகைக்கு எடுங்கள். நடுவில் சோதனைச் சான்று உள்ள ஏர் ரிசீவர், அதன்பின் பிரஷர் ரெகுலேட்டர், ரெகுலேட்டருக்கு அப்புறம் 3 கிலோவில் திறக்கும் சேஃப்டி வால்வு. அங்கிருந்து ஹோஸ் நேராக ஸ்டீம் பைப்புக்கு. ஸ்மோக்பாக்ஸில் மெயின் ஸ்டீம் பைப்பைக் கழற்றி, பாய்லர் பக்கத்தைப் பிளாங்க் (துளையில்லாத தகடு) போட்டு அடைத்துவிடுங்கள். எஞ்சின் பாய்லரைக் காற்றுத் தொட்டியாகப் பயன்படுத்தவே கூடாது.

இது எல்லாம் பிஸ்டன் விடுபட்ட பிறகு. இப்போது சக்கரத்தை அசைக்காதீர்கள், ஜே.சி.பி. வைத்து இழுக்கவும் வேண்டாம். பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். இழுத்தால் ரிங் உடைந்து சுவரைக் கீறும், இல்லாவிட்டால் ராடு வளையும்.

வரிசை இப்படி. சிலிண்டர் டிரெயின் காக்குகளைக் கழற்றித் தண்ணீரை விடுங்கள். முன் கவரைத் திறந்து பாருங்கள். பிஸ்டனின் இரண்டு பக்கமும், பிஸ்டன் வால்வு அறையிலும் அதே அசிட்டோன் கலவை. வாரம் ஒருமுறை நிரப்பிவிடுங்கள். இதற்கிடையில் கனெக்டிங் ராடைக் கழற்றுங்கள். செயின் பிளாக் இல்லாமல் தொடவேண்டாம்; பெரிய முனை கிராங்க் பின்னிலிருந்து விடுபடும் கணத்தில் எடை முழுக்கக் கீழே வரும். இடது, வலது, முன், பின் என்று நம்பர் பஞ்ச் செய்த அலுமினியத் தகட்டைக் கம்பியில் கட்டுங்கள். பெயிண்டால் எழுதினால் டீசலில் கழுவும்போது போய்விடும். ராடு கழன்றபின் கிராஸ்ஹெட்டை (பிஸ்டன் ராடும் கனெக்டிங் ராடும் சேரும் பாகம்) ஜாக்கியால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். ஒரு மி.மீ. நகர்ந்தாலும் போதும், திரும்ப இந்தப் பக்கம் தள்ளி, எண்ணெய் விட்டு, மறுபடி.

ஆக்ஸில் பாக்ஸ்: அடித் தட்டில் எண்ணெய்க்குப் பதில் தண்ணீர்தான் இருக்கும். வடித்துவிட்டு, கம்பளி நூல் பேடை எடுத்து எறிந்து புதிது வையுங்கள். சக்கரத்தைச் சுற்றவேண்டுமானால் எஞ்சினைத் தூக்கவேண்டும். 50 டன்னுக்கு மேல் எடை. வரைபடத்தில் காட்டியுள்ள ஜாக்கி இடங்களில் மட்டும், நான்கு 50 டன் ஹைட்ராலிக் ஜாக்கிகள், ஒவ்வொரு 25 மி.மீ.க்கும் ஸ்லீப்பர் கட்டையும் ஸ்டீல் பேக்கிங்கும். ஜாக்கியை நம்பி யாரும் அடியில் போகக்கூடாது. மேடையின் கான்கிரீட் அந்தப் புள்ளிச் சுமையைத் தாங்குமா என்று சிவில் ஆளிடம் முதலிலேயே கேளுங்கள்.

காற்றில் ஓட்டும் நாளில் டிரெயின் காக் திறந்தே இருக்கட்டும். காற்று விரியும்போது குளிர்ந்து தண்ணீர் கக்கும். அந்தத் தண்ணீர் உள்ளே நின்றால் பிஸ்டன் கடைசி அங்குலத்தில் அதை அமுக்க முடியாமல் கவரை உடைக்கும். நீராவி எஞ்சினிலும் இதே விதிதான்: குளிர்ந்த எஞ்சினை நகர்த்தும் டிரைவர் காக்கைத் திறக்காமல் ரெகுலேட்டரை (நீராவி திறந்துவிடும் கைப்பிடி) தொடமாட்டார். நிகழ்ச்சி முடிந்ததும் எண்ணெயை ஸ்டீம் பைப் வழியாக ஊற்றி இரண்டு சுற்று சுற்றி நிறுத்துங்கள். அடுத்த முறை சுலபமாகச் சுற்றும்.

செவ்வாய்பேட்டை_ரிஃப்ராக்டரி பதில்:

செங்கல் கேள்விக்கு: மேக்னசைட் செங்கல் வேண்டாம். சேலத்து மேக்னசைட்டின் பெருமை எஃகு உலையில்தான். அங்கே கசடு காரத்தன்மை உள்ளது, உலையும் தொடர்ந்து சூடாகவே இருக்கும். எஞ்சின் ஃபயர்பாக்ஸில் நிலைமை நேர்மாறு. காலையில் பற்றவைத்து இரவில் அணைப்பார்கள், கதவு திறக்கும்போதெல்லாம் குளிர்காற்று அடிக்கும். மேக்னசைட் சூட்டில் அதிகம் விரியும், இந்த ஏற்ற இறக்கத்தில் செதில் செதிலாக உதிரும். நிலக்கரிச் சாம்பலில் சிலிக்கா அதிகம்; அது மேக்னசைட்டோடு சேர்ந்து அரிக்கும். வளைவுக்கு ஃபயர்கிளே செங்கல், கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் 60 சதவீத அலுமினா. இதே செவ்வாய்பேட்டை, சூரமங்கலம் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும். காட்சிக்கு மட்டும் என்றால் பழைய செங்கலில் உடையாதவற்றை எடுத்து உலர அடுக்குங்கள். இடிந்ததை அகற்றுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தகட்டோடு ஒட்டிக் கிடக்கும் குப்பை அது.

ஏற்காட்டுக் குடோன்: மரச்சாமான், பலகை, கேபின் இருக்கை வைக்கலாம். மெருகு இரும்பு, பேரிங், வால்வு எதையும் அங்கே வைக்கவேண்டாம். மூடுபனி குடோனுக்குள்ளேயும் வரும், காப்பிக் கொட்டையும் ஈரத்தை விடும். இரவில் குளிர்ந்த இரும்பின் மேல் காலையில் ஈரக்காற்று பட்டால் முத்து முத்தாக வியர்க்கும்; கிரீஸ் படாமல் விட்ட இடத்தில் ஒரே வாரத்தில் துரு. அதோடு இருபது கொண்டை ஊசி வளைவு ஏற்றி இறக்க வண்டி வாடகை வேறு. வளாகத்திலேயே ஒரு சின்ன அறை, மரத்தட்டு, எண்ணெய்க் காகிதம், பூட்டு. பித்தளைக்கு நேர்ந்ததைப் பார்த்தபின் பூட்டுதான் முக்கியம்.

என்றாவது ஒருநாள் நீராவி எழுப்பும் எண்ணம் இருந்தால் தண்ணீரைப் பற்றி இப்போதே யோசியுங்கள். நம்ம ஊர் போர் தண்ணீர் கடினத் தண்ணீர். அதை அப்படியே பாய்லரில் விட்டால் ஃபயர்பாக்ஸ் உச்சியிலும் ட்யூப்களிலும் படிவு ஏறி, தகட்டின் சூடு தண்ணீருக்குப் போகாமல் தகட்டிலேயே தங்கும். மேட்டூரிலிருந்து வரும் காவிரிக் குடிநீர் மேல், அதையும் சாஃப்ட்னர் வழியாக விட்டு, சோடா சாம்பல் சேர்த்து பி.எச். 11-ஐ ஒட்டி வையுங்கள். உள்ளே கரைந்த உப்பு 3,500 பி.பி.எம்.மைத் தாண்டினால் தண்ணீர் நுரைத்து, நீராவியோடு சேர்ந்து சிலிண்டருக்குப் போகும். அதனால் ஓட்டும் நாளில் புளோடவுனும் (பாய்லர் தண்ணீரில் கொஞ்சத்தைத் திறந்துவிடுவது), முறை வைத்து வாஷ்அவுட்டும் விடாமல் நடக்கணும்.

கொதிகலன்_ஈரோடு பதில்:

காற்றுக் கணக்கு சரி, பாய்லரைப் பிளாங்க் போட்டு அடைக்கச் சொன்னதும் சரி. உங்கள் சாயப்பட்டறை பாய்லர் ஆளுக்காக இதைச் சேர்க்கிறேன். அவர் சான்றிதழ் உங்களுக்குப் பெரிய பலம், ஆனால் எஞ்சின் பாய்லரின் குணம் வேறு. பட்டறை பாய்லரில் தண்ணீர் மட்டம் ஆடாது. இங்கே பிரேக் போட்டால் முன்னால் ஓடும், ஏற்றத்தில் பின்னால் வரும். ஃபயர்பாக்ஸ் உச்சித்தகடு ஒரு நிமிடம் தண்ணீருக்கு வெளியே வந்தாலே ஆபத்து. அதற்குத்தான் உச்சியில் லெட் பிளக்: தண்ணீர் குறைந்து தகடு சூடேறினால் ஈயம் உருகி, நீராவி நெருப்பின் மேல் பாயும். லெட் பிளக் காவல் மட்டுமே, அதை நம்பி ஓட்டக்கூடாது. இரண்டு கேஜ் கிளாஸையும் நெருப்பு போடும் முன்னும், பின் வேலை நேரத்தில் அடிக்கடியும் திறந்து ஊதிப் பார்க்கவேண்டும். இரண்டும் ஒரே மட்டம் காட்டாவிட்டால் வேலை நிறுத்தம்.

பட்டறை பாய்லரில் தண்ணீர் ஏற்ற மோட்டார் பம்பு. இங்கே இரண்டு இன்ஜெக்டர். டெண்டர் தண்ணீர் சூடாகிவிட்டால், உறிஞ்சு குழாயில் எங்காவது காற்று புகுந்தால், உள்ளே உள்ள கோனில் (கூம்பு வடிவக் குழல்) படிவு ஏறினால், கிளாக் வால்வு (பாய்லர் தண்ணீர் திரும்பாமல் தடுப்பது) கசிந்து இன்ஜெக்டர் உடம்பு சூடேறினால் அது எடுக்காது. தொலைந்துபோன இன்ஜெக்டருக்குப் புதிது வார்க்கக் கொடுக்கும்போது உடலை கன்மெட்டலில் வார்க்கலாம். கோன்களை மட்டும் வரைபட அளவுக்கு லேத்தில் கடையவேண்டும். கோனின் துளையில் கால் மி.மீ. தவறினாலும் தண்ணீர் பாய்லருக்குள் போகாது, ஓவர்ஃப்ளோவில் கொட்டும்.

நீலகிரி மலை ரயிலில் குன்னூர் ஷெட்டுக்கு அனுமதி வாங்கி உங்கள் ஆட்களை ஒரு வாஷ்அவுட் நாளில் நிற்க வையுங்கள். எக்ஸ் வகையில் மேலே பல்சக்கரத்துக்குத் தனி சிலிண்டர், கீழே சாதாரணச் சக்கரத்துக்குத் தனி என்று அமைப்பு வேறாக இருக்கும், இப்போது எண்ணெயும் எரிக்கிறார்கள். ஆனால் பிளக் திறப்பது, கம்பி விட்டுப் படிவைத் தள்ளுவது, ஹோஸால் கழுவுவது, புது ஜாயிண்ட் வைத்து மூடுவது எல்லாம் ஒன்றுதான். வாஷ்அவுட் பிளக் மரைக்குக் கிராஃபைட் கலந்த எண்ணெய் தடவி, முதலில் கையாலேயே எத்தனை சுற்று போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனர் வைப்பார்கள். கையால் மூன்று சுற்றுகூடப் போகாவிட்டால் மரை பிசகி ஏறுகிறது. வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கவேண்டும்.